கொடுத்துப் பாருங்க

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் பல வருடங்கள் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். அந்தக் கடையில் நாய்களுக்கென்று நான் விற்ற ஈஸ்ட் தூள் உண்ணியை விரட்டாது. அது எனக்குத் தெரியும். விரட்டும் என்று சொல்லித்தான் விற்றேன். ஆரம்பத்தில் தெரியாமல் விற்றேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தெரியாமல் விற்ற காலத்தைவிடத் தெரிந்து விற்ற காலம் அதிகம்.

சரக்கு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பீர் ஆலையில் வாற்கோதுமைச் சாற்றைப் புளிக்க வைப்பது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். வேலை முடிந்ததும் அது தொட்டியின் அடியில் மண்டியாகத் தங்கிவிடும். அதைக் கழுவி, கசப்பை எடுத்து, சூடான உருளைகளில் காய வைத்தால் வெளிர் பழுப்பில் மெல்லிய தூள் கிடைக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும், போதையும் இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றும் ஒரு பாட்டியிடம் இதை எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. "ஏய்யா, பால்கோவாவுக்குப் போற பாலு. சாராயக் கடைச் சமாச்சாரத்தை மாட்டுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எள்ளுப் புண்ணாக்கை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் ஏமாறாத வெகுசிலரில் அவரும் ஒருவர். காரணம் வேறாக இருந்தாலும் சரி.

தூளின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புரதம். தயமின், ரிபோஃபிளேவின், நியாசின், ஃபோலிக் அமிலம் என்று பி வகை வைட்டமின்கள் ஏறக்குறைய எல்லாம் உண்டு. பி12 மட்டும் கிடையாது. மோர்ச்சோறும் கம்மங்கூழும் தின்று வளரும் நாய்க்கு இது நல்ல தீனி என்று இன்றைக்கும் சொல்வேன். ரொட்டிக்கடை ஈஸ்ட் வேறு. அது உயிரோடு இருப்பது. அதைப் போட்டுப் பிசைந்த பச்சை மாவை நாய் தின்றுவிட்டால் வயிற்றுக்குள் உப்பி, சாராயமும் ஊறி, உயிருக்கே ஆபத்தாகும். இந்த வித்தியாசத்தைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். எனக்கு நட்டம் வராத உண்மைகளை நான் மறைத்ததே இல்லை.

கறவை மாட்டுக்கென்று உயிர் ஈஸ்ட் கொண்டுவந்த கம்பெனி ஆள் ஒருவர்தான் கூடவே பீர் ஈஸ்ட் மூட்டை ஒன்றையும் இறக்கினார். "நாய்க்குப் போடலாம் அண்ணாச்சி, முடி நல்லா வரும்" என்றார். உண்ணியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது என் வேலை.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் பெட்டை இருந்தாள். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி மொய்த்துக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் என் மனைவி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவாள். நான் தூளைக் கூழில் கலந்து கொடுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் முடி பளபளவென்று வந்துவிட்டது. அதற்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதுவரை புரதம் என்று எதையும் அவள் கண்ணில் காட்டியதில்லை. ஆனால் உண்ணியும் போய்விட்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பொங்கலுக்கு நாய்க் கொட்டகையின் சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசி, இரண்டு கோட்டு சுண்ணாம்பும் அடித்திருந்தோம். நாயுண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. குஞ்சாக ஒருமுறை, வளரும் பருவத்தில் ஒருமுறை, முழுசாக வளர்ந்தபின் ஒருமுறை ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய் ஏதாவது ஒரு சந்தில் ஒளிந்துகொள்ளும். வயிறு நிறைந்த பெட்டை உண்ணி சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெடிப்பை அடைத்தால் பாதி வேலை முடிந்தது. என் மனைவி இதையெல்லாம் படித்தவள் இல்லை. ஆனால் அவள் அப்போதே சொன்னாள்: "சுண்ணாம்பு அடிச்சதுல ஒழிஞ்சிருக்கும்." நான் சிரித்தேன். சுண்ணாம்பு என் கடையில் விற்கிற சரக்கு இல்லையே.

மூட்டையைப் பிரித்துக் கால் கிலோ பாக்கெட்டுகளாகப் போட்டேன். "உண்ணி, தெள்ளுப்பூச்சி அண்டாது" என்று சிவப்பு எழுத்தில் சீட்டு அச்சடித்து ஒட்டினேன். மூட்டை விலையைப் பாக்கெட் விலையோடு வைத்துப் பார்த்தால் லாபம் நன்றாகவே இருந்தது. ஆனால் பருத்திக்கொட்டையும் தவிடும் துவரம் பொட்டும் போட்ட சோறே எங்களுக்குப் போதும். காசுக்காகச் செய்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான்.

இந்த ஊரில் நாய் என்றால் ராஜுக்கள் வீடுகள்தான். மூன்று தலைமுறைக்கு எந்தப் பெட்டை எந்தக் கடுவனோடு சேர்ந்தது, எந்த ஈற்றில் எத்தனை குட்டி என்று ஏட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அதில் இம்மி பிசகினாலும் ஒதுக்கிவிடுவார்கள். நான் அந்தப் பரம்பரையில் வந்தவன் இல்லை. புண்ணாக்குக் கடைக்காரன். அப்படிப்பட்டவனின் கடை பெஞ்சில் அவர்கள் வந்து உட்கார்ந்து, "அண்ணாச்சி, இதுக்கு என்ன போடலாம்?" என்று கேட்டபோது எனக்குத் தலை கிறுகிறுத்தது. அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று பதில் சொல்லும் திராணி எனக்கு அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை.

காலமும் என் பக்கம் இருந்தது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கென்று நான்கு தபால்தலை வெளியிட்டது. இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் வேட்டை நாய்களோடு எங்கள் ஊர் நாயும் அதில் இடம் பிடித்தது. 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டு நாய் என்ற பேச்சு சூடு பிடித்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியதும் வெளியூர்க் கார்கள் வர ஆரம்பித்தன. குட்டி வாங்கித் திரும்புகிறவர்கள் வழியில் என் கடையில் நிறுத்துவார்கள். மடியில் வெள்ளைக் குட்டி, கண்ணில் பயம், கையில் பணம். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் தன் வீட்டு டால்மேஷனுக்கும் ஒரு பாக்கெட் கேட்டார். அந்த ஜாதி நாய்க்கு ஈஸ்ட் போன்ற தீனி கொடுத்தால் சிறுநீரில் கல் கட்டக்கூடும். மற்ற நாய்களைப் போல யூரிக் அமிலத்தை உடைத்து வெளியேற்ற அதன் உடம்புக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு அது தெரியாதுதான். தெரியாது என்பது தடுக்கவில்லை, கொடுத்துவிட்டேன்.

வெறும் "விரட்டும்" என்று சொன்னால் படித்தவர்கள் நம்ப மாட்டார்கள் என்று நூலகத்தில் உட்கார்ந்து ஈஸ்ட்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கிடைத்த கதைகள் அத்தனையும் உண்மை, அத்தனையும் அருமை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகள் ரத்தம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. காரணம் தேடி எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்தார். இடையில் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கும் வந்து ராபர்ட் மெக்காரிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். கடைசியில் அந்தப் பெண்களைத் தேற்றியது மார்மைட். பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்கிற கரும்பசை. 1931-இல் அதை வெளியிட்டார். அதில் இருந்த சத்துக்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயர் பின்னால்தான் வந்தது. எங்களுடையது போன்ற மில் ஊரில் இந்தக் கதை எப்படி எடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாலைச் சங்கு ஊதுகிற நேரமாகப் பார்த்து நான் இதைச் சொன்னதும் உண்டு.

இன்னொன்று நாய்க் கதை. அமெரிக்காவின் தென்பகுதியில் மக்காச்சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு போய், புத்தி பேதலிக்கும் பெல்லக்ரா நோய் வந்தது. அதே மாதிரித் தீனி கொடுத்த நாய்களுக்கு நாக்குக் கறுத்தது. ஜோசப் கோல்ட்பெர்கர் 1920-களில் அந்த நாய்களுக்கு ஈஸ்ட் கொடுத்துத் தேற்றினார். 1927-இல் மிசிசிப்பி வெள்ளத்தின்போது செஞ்சிலுவைச் சங்கம் அந்த ஈஸ்ட்டை வெள்ளம் பாதித்த மக்களுக்கு விநியோகித்தது. 1937-இல் கான்ராட் எல்விஜெம் மருந்துப் பொருளைக் கண்டுபிடித்தார்: நியாசின். நம் பக்கத்திலும் கதை தொடர்கிறது. குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. அங்கே சி. கோபாலன் குழுவினர் சோளச்சோறு சாப்பிடும் தக்காணத்து ஏழைகளிடம் அதே பெல்லக்ராவைப் பார்த்தார்கள். சோளம் கொடுத்து வளர்த்த நாய்களுக்கும் நாக்குக் கறுத்ததைக் கண்டார்கள். "அப்ப கூழ் ஊத்துற நம்ம நாய்க்கு?" என்று பெஞ்சில் இருந்து ஒருவர் கேட்பார். நான் அலமாரியைக் காட்டுவேன்.

இந்தக் கதைகளில் எதிலும் உண்ணி கிடையாது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, கவனிக்காதபடி சொன்னேன். சத்துக் குறைவால் வந்த நோயைச் சத்து தீர்த்தது என்பது ஒன்று. ரத்தம் குடிக்க வருகிற பூச்சி நாயின் தோலை முகர்ந்து பார்த்து ஒதுங்கிப் போகும் என்பது வேறொன்று. முதலாவதைச் சொல்லி இரண்டாவதற்குக் காசு வாங்கினேன்.

தூள் பூச்சியை விரட்டாது என்று நான் தெரிந்துகொண்டது இப்படி. தன் அப்பாவின் பசுவுக்குத் தாது உப்பு வாங்க ஓர் இளம் கால்நடை மருத்துவர் வந்தார். பாக்கெட்டை எடுத்துச் சீட்டை வாசித்துவிட்டு, "இதை யார் சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டார். கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கலிபோர்னியாவில் நாய்களுக்கு ஈஸ்ட் கொடுத்து, தெள்ளுப்பூச்சியை விட்டு எண்ணிப் பார்த்து, எந்த வித்தியாசமும் இல்லை என்று 1983-லேயே எழுதிவிட்டார்கள் என்றார். தயமின் தோலில் வாடை கிளப்பிப் பூச்சியை விரட்டும் என்ற நம்பிக்கையையும் அதற்கு முந்தின வருடமே தனியாகச் சோதித்துத் தள்ளிவிட்டார்களாம். கால்மணி நேரம் நின்று பொறுமையாகச் சொன்னார்.

நான் தலையாட்டினேன். அவர் போனதும் மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்தார்: அது தெள்ளுப்பூச்சி, நம்முடையது உண்ணி, அது கலிபோர்னியா, இது ராஜபாளையம். அந்த வக்கீல் பேசுவது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். எங்கள் கொட்டகைச் சுவரில் மறுபடி வெடிப்பு விட்டு, மனைவி மறுபடி கிண்ணத்தோடு உட்கார ஆரம்பித்து மாதக்கணக்காகியிருந்தது. தூள் ஒருநாளும் நிறுத்தப்படவில்லை.

நான் செய்தது என்ன தெரியுமா? சீட்டு தீர்ந்ததும் புதுச் சீட்டில் வாசகத்தை மாற்றினேன். "உண்ணி அண்டாது" என்பது "உண்ணித் தொல்லைக்கு உகந்தது" ஆனது. யாராவது சட்டம் பேசினால் நழுவிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். வாயால் சொல்வதையும் மாற்றிக்கொண்டேன். முன்பு "விரட்டிடும்" என்பேன். அதன்பிறகு "கொடுத்துப் பாருங்க" என்றேன். கேட்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ராத்திரித் தூக்கத்துக்கு இரண்டாவது வசதி.

அந்த வார்த்தையை எதற்கெல்லாம் பயன்படுத்தினேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. வெள்ளை நாய்களில் சில குட்டிகள் பிறவிச் செவிடாக இருக்கும். முடிக்கு நிறம் தருகிற அதே வகை அணுக்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் அணுக்கள் பட்டுப்போகும். பிறகு எந்தச் சத்தும் அதைத் திருப்பாது. வெளியூரிலிருந்து ஒரு பையன் அப்படி ஒரு குட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். பின்னால் நின்று தட்டு தட்டினால் திரும்பவில்லை. "இதுக்குக் கேட்குமா அண்ணாச்சி?" என்றான். குட்டி விற்றவரும் எனக்கு வேண்டியவர். "சத்துக் குறைவா இருக்கும் தம்பி, கொடுத்துப் பாருங்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி விடுகிற ஒருவர் தன் குதிரையின் குளம்பு வெடிக்கிறது என்று வந்தார். ஈஸ்ட்டில் பயோட்டின் இருக்கிறது, பயோட்டின் குளம்புக்கு நல்லது என்றேன். இரண்டும் உண்மை. வியன்னாவில் லிப்பிசானர் குதிரைகளுக்குத் தினம் 20 மில்லிகிராம் பயோட்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1995-இல் வந்தது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம் என்பதால் பலன் தெரியவே ஒன்பது மாதம் ஆனது. என் தூளில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டித்தான் பயோட்டின். அந்தக் கணக்கில் அவருடைய குதிரை தினமும் ஒரு மூட்டை தின்ன வேண்டும். நான் சொன்ன அளவு இரண்டு கரண்டி. குதிரைக்கு நார் செரிக்கிற பெருங்குடலில் ஈஸ்ட் உதவும் என்று ஆய்வுகள் சொல்வதும் உயிர் ஈஸ்ட்டைப் பற்றித்தான், என்னிடம் இருந்தது செத்த ஈஸ்ட். அவர் ஒரு வருடம் வாங்கினார். ஒருமுறை, குதிரைக்கு உண்ணி இருக்கிறது, மாட்டுக்குத் தெளிக்கிற அமிட்ராஸ் பாட்டிலைக் கொடுங்கள் என்றார். "அது குதிரைக்கு ஆகவே ஆகாது, குடல் ஓட்டம் நின்னுடும்" என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். நெகிழ்ந்துபோய், "உங்களை மாதிரி யாரு சொல்றா" என்றார். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

இனி மணியின் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

அய்யனார் கோயில் பக்கம் மலையடிவாரத்தில் மாந்தோப்புகள் இருக்கின்றன. காய் முற்றுகிற காலத்தில் பன்றி வரும், சில ராத்திரி யானையும் இறங்கும். அங்கே ஒரு தோப்பில் காவலுக்கு இருந்தவர் அவர். பெயர் வேண்டாம். அவரிடம் இருந்தது ராஜபாளையம் ஜாதி நாய்தான்; முதுகில் பழுப்புத் திட்டு விழுந்துவிட்டதால் கணக்கில் சேராமல் போய், குட்டியாகச் சும்மா கைமாறி வந்தது. மணி என்று பெயர் வைத்திருந்தார். யானை வாடை பட்டால் குரைக்காது, வந்து வேட்டியைப் பிடித்து இழுக்கும் என்பார்.

தோப்புக் குடிசையில் உண்ணிக்குப் பஞ்சமா? மாதம் ஒரு மாத்திரை கொடுக்கிற புது மருந்துகளின் விலை அவர் கூலிக்குக் கட்டாது. ஆனால் தண்ணீரில் கலந்து தெளிக்கிற அமிட்ராஸ் என் அலமாரியிலேயே இருந்தது, ஈஸ்ட் பாக்கெட்டுக்கு இரண்டு தட்டு கீழே. அளவாகக் கலந்து நாய்க்கும் குடிசைச் சந்துகளுக்கும் அடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். அவர் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்து, "உண்ணித் தூள்" என்று கேட்டார். கொடுத்தேன். அடுத்தமுறை வந்தபோது, "இன்னும் இருக்கே அண்ணாச்சி" என்றார். "அளவைக் கூட்டுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். கீழ்த்தட்டு பாட்டிலை எடுத்துக் கொடுத்தால், மேல்தட்டுப் பாக்கெட் வேலை செய்யவில்லை என்று என் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பெஞ்சில் அன்றைக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு மணி சரியாகச் சாப்பிடவில்லை என்று வந்தார். பிறகு ஈறு வெளுத்திருக்கிறது என்று வந்தார். ஈறு வெளுத்தால் ரத்தக் குறைவு. நான் லூசி வில்ஸ் கதையை எடுத்தேன். பம்பாய் மில்லில் பெண்கள் பிழைத்ததைச் சொன்னேன். அவர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அக்காளும் மில்லில் வேலை பார்த்தவராம். இரும்புச் சத்து டானிக் ஒன்றையும் சேர்த்து விற்றேன். உண்ணிக் காய்ச்சல் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எர்லிக்கியா என்ற கிருமியை நாயுண்ணி கடித்து ஏற்றிவிடும். முதலில் காய்ச்சல், சோர்வு. பிறகு தேறிவிட்டது போல இருக்கும். சில நாய்களில் கடைசியாக எலும்பு மஜ்ஜையே ஓய்ந்துபோய், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் விழுந்துவிடும். ஆரம்பத்திலேயே ரத்தம் எடுத்துப் பார்த்து, டாக்சிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் விடாமல் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் பிழைக்கும். விலை உயர்ந்த மருந்தும் இல்லை. நான் அவருக்கு விற்ற பாக்கெட்டுகளின் காசில் மணிக்கு முழு வைத்தியம் பார்த்திருக்கலாம்.

மூக்கில் ரத்தம் ஒழுகுகிறது என்று அவர் வந்து நின்றபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. கடையைப் பாதியில் போட்டுவிட்டு, தீவனம் ஏற்றுகிற வண்டியில் மணியைப் படுக்க வைத்து உள்ளூரில் காட்டி, அங்கே சொன்னபடி சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் சாக்கில் ரத்தம்.

மருத்துவர், எப்போதிலிருந்து சோர்வு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். காவல்காரர் மறைக்க எதுவும் இல்லாத மனிதர். "ஆரம்பத்துலருந்தே அண்ணாச்சிகிட்டக் கேட்டுத்தான் செஞ்சேன் டாக்டரம்மா. தூள் கொடுத்தாரு. ஒரு வேளை விடாமக் கலந்து கொடுத்தேன். டானிக்கும் கொடுத்தேன்" என்றார். நாயைக் கவனிக்காமல் விட்டேன் என்று டாக்டர் நினைத்துவிடக் கூடாதே என்ற பதைப்பு அவருக்கு. பேசி முடித்துவிட்டு, நான் எவ்வளவு உதவி செய்தேன், சொந்த வண்டியில் கொண்டுவந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. சுவரில் ஒட்டியிருந்த வெறிநாய்க்கடித் தடுப்பூசி விளம்பரத்தை மேலிருந்து கீழாக வாசித்தேன்.

மணி பிழைக்கவில்லை. டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள், ஆனால் நாள் கடந்துவிட்டது.

இதற்குப் பிறகாவது எல்லாவற்றையும் நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். ஈஸ்ட் விற்பதை நிறுத்தவில்லை. நல்ல தீனியை ஏன் நிறுத்த வேண்டும் என்று மகனிடம் வாதாடினேன். சீட்டிலிருந்து உண்ணி என்ற சொல்லை எடுத்தேன். இப்போது "நாய்களுக்கான சத்துத் தூள்" என்று மட்டும் இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் பழைய பழக்கத்தில் "உண்ணித் தூள்" என்றுதான் கேட்கிறார்கள். மகன் எடுத்துக் கொடுக்கிறான். நான் கடையில் இருந்தால், "இது உண்ணிக்கு இல்லை, கீழ்த்தட்டில் இருக்கிறது பாருங்கள், அளவைக் கேட்டுக்கொண்டு போங்கள்" என்று சொல்கிறேன். பெஞ்சில் ஆள் இருந்தால் குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன். முன்பு என்னிடம் வாங்கிக்கொண்டு போனவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட முடியும். பாதிப் பேரின் செல்போன் எண் கடை நோட்டில் இருக்கிறது. யாருக்கும் நான் பேசவில்லை. செவிட்டுக் குட்டியோடு வந்த பையனின் எண்ணும் அதில் இருக்கிறது.

தோப்புக் காவல்காரர் இன்னொரு குட்டி எடுத்திருக்கிறார். இதுவும் திட்டு விழுந்தது, இதற்கும் மணிதான் பெயர். கடைக்கு வந்து பழையபடி தூள் கேட்டார். அமிட்ராஸ் பாட்டிலைக் கொடுத்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று அட்டையில் எழுதி, எங்கெங்கே அடிக்க வேண்டும் என்று காட்டினேன். காசு வாங்கவில்லை. "போன மணிக்கு ஏன் அண்ணாச்சி இதைத் தரலை?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "புது மருந்து வந்திருக்கு போல" என்றார். "ஆமா" என்றேன்.

அவருக்குப் பத்திரிகை படிக்கிற பழக்கம் கிடையாது. இதை எழுதத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.